ஐந்தாம் ஓடை

பிப்ரவரி 9, திங்கள்

வேலையில் சேர்ந்தேன். நெடுவரை ஏரியைச் சுத்தப்படுத்தும் திட்டத்தில் தண்ணீர் மாதிரி எடுக்கிற வேலை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் பதினாறு வருஷம் குடுவை கழுவிய கைக்கு இது ஒன்றும் புதிதில்லை. பொறியாளர் முபாரக் சார் திருச்சிக்காரர், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். மலைக்குளிர் தாங்காமல் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டே பேசுகிறார். நாள் தவறாமல் குறிப்பு எழுத வேண்டும் என்று ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தார். வரும் வழியில் கடையில் இன்னொன்று வாங்கிக்கொண்டேன். அளவுகள் அதில். மீதி இதில்.

படகுக்காரர் அழகர் என்னை ஏரி நடுவுக்குக் கூட்டிப்போனார். கறுப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்த தட்டைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். எந்த ஆழத்தில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் தண்ணீரின் தெளிவு. முப்பத்தெட்டு சென்டிமீட்டரில் மறைந்துவிட்டது.

“சீசனுக்கு வாரவக படகுல ஏறுன உடனே மூக்கைப் பொத்திக்கிறாக. நான் எங்கிட்டுப் பாத்துத் துடுப்புப் போடுறதுன்னு தெரியல” என்றார் அழகர்.

ஏரிக்கு மலையிலிருந்து ஏழு ஓடைகள் வருகின்றன. மதகு வழியாக வெளியேறும் தண்ணீரைத்தான் கீழ்க்காட்டு ஜனங்கள் குடிக்கிறார்கள். ஏரியை மட்டும் தூர்வாரிப் பிரயோஜனம் இல்லை, வருகிற தண்ணீரைச் சரிசெய்யாமல் எதுவும் நடக்காது என்கிறார் சார். ஒவ்வொரு செவ்வாயும் ஓடைகளில் மாதிரி எடுக்க வேண்டும். எனக்கும் என்னோடு மாதிரி எடுக்கிற ஜோதிலிங்கத்துக்கும் பிரித்துக் கொடுத்தார். முதல் நாலு எனக்கு என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். முழங்கால் வலி, ஐந்தாம் ஓடைப் பக்கம் ஏற்றம் அதிகம் என்றேன்.

நாலாம் ஓடைதான் அதைவிட ஏற்றம். யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 11, புதன்

நாள் முழுக்கச் சாரல். தட்டு முப்பத்தாறு. பூண்டு ரசம் வைத்தேன். இரண்டு வேளைக்கும் அதுவே.

பிப்ரவரி 17, செவ்வாய்

மருந்து தடவிய தாள் போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பிகள் வந்திருக்கின்றன. தண்ணீர் பிடித்து மூடி வைத்தால் போதும். கழிவு கலந்திருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். கலக்காத தண்ணீர் மூன்று நாளானாலும் அப்படியே இருக்கும். ஏழு ஓடைக்கும் ஏழு குப்பி, ஜன்னல் ஓரம் வரிசையாக.

பிப்ரவரி 18, புதன்

காலையில் கதவைத் திறந்ததும் தெரிந்தது. ஐந்தாவது குப்பி மை ஊற்றினதுபோல இருக்கிறது. மற்றவை லேசாக மங்கல், அவ்வளவுதான்.

ஜோதிலிங்கம் தங்கை கல்யாணம் என்று மூன்று வாரம் லீவு சொல்லிவிட்டான். அவனுடைய ஓடைகளையும் நான்தான் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

பழைய சேலைகள் எல்லாம் ஊறப்போட்டிருந்ததால் பெட்டியில் மடித்து வைத்திருந்த ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

ஐந்தாம் ஓடை சாலையைக் கடக்கிற இடத்தில் ஒரு சின்னப் பாலம். அதற்கடியில் இறங்கி மாதிரி எடுத்தேன். நுரையும் நாற்றமும். மேலே சரிவில் ஒரு காட்டேஜ். ஆறு அறை. மாடியில் கொடி கட்டி விரிப்புகள் காய்ந்தன. பதினொரு வெள்ளை விரிப்பு. சீசன் இல்லாத மாதத்தில், வாசலில் ஒரு கார்கூட நிற்காத இடத்தில், எதற்கு இத்தனை விரிப்பு என்று தோன்றியது. எனக்கென்ன.

மேலே போகவில்லை. மாதிரி எடுக்க மேலே போக வேண்டிய அவசியம் இல்லை.

மார்ச் 3, செவ்வாய்

போக வேண்டியதாகிவிட்டது.

ஐந்தாம் ஓடைக் கரையில் ஒன்பது கட்டடங்கள். எதிலிருந்து கழிவு வருகிறது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறையிலும் பச்சைச் சாயத்தூள் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கீழே பாலத்தில் அழகர் நின்று பார்ப்பார். ஒரு வீடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் அடுத்தது. எட்டு வீட்டை நேற்றோடு முடித்துவிட்டேன். மிச்சம் அந்தக் காட்டேஜ்.

வடிவுதான் கதவைத் திறந்தாள். சண்முகவடிவு. பதினொரு வருஷத்துக்கு முன்னால் பார்த்த முகம். இளைத்திருக்கிறாள். காதோரம் நரை. கையில் சோப்பு நுரை.

“ஏரி ஆபீஸ்ல இருந்து வாரேன்” என்றேன்.

அவள் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். “சொன்னாக. ஆள் வரும்னு. ஆனா நீங்க வருவீகன்னு சொல்லல.”

“கக்கூஸ்ல இதைப் போடணும். அவ்வளவுதான் வேலை.”

“வாங்க மேடம்.”

மேடம் என்றாள். வேறென்ன சொல்லிக் கூப்பிடுவாள்.

கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு அறைக் கதவில் திரை போட்டிருந்தது. திரைக்குக் கீழே இரும்புக் கட்டிலின் கால் தெரிந்தது, ஆஸ்பத்திரிகளில் இருக்குமே அந்த மாதிரி. டெட்டால் வாசனை. நான் நிற்கவில்லை. தூளைப் போட்டேன், இரண்டு வாளி ஊற்றினேன், வெளியே வந்துவிட்டேன்.

இருபத்தைந்தாவது நிமிஷம் அழகர் போன் செய்தார். “தாயி, ஓடை பூரா கிளிப்பச்சையா வருது.”

மார்ச் 4, புதன்

ஆபீஸ் நோட்டில் நேற்றைய பக்கத்தை எழுதவில்லை. பேனா சரியாக எழுதவில்லை.

மார்ச் 12, வியாழன்

முபாரக் சார் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பியூலாக்கா, எட்டு வீடு இருக்கு. ஒன்பதாவது எங்க?” என்றார். அழகர் அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். ஆனாலும் என் வாயால் வரட்டும் என்று கேட்டார்.

சொன்னேன். அந்தக் காட்டேஜில் இருப்பவர் தியோடர். எனக்குத் தாலி கட்டியவர். எங்களுக்குக் கல்யாணமான நாலாம் வருஷம் அந்தக் காட்டேஜுக்குக் கீழேயே, அப்பா என் பெயரில் வாங்கிக் கொடுத்த ஆறு சென்ட்டில் வீடு கட்ட ஆரம்பித்தோம். நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன். அவர்தான் கொத்தனாரோடு நிற்பார். மேலே காட்டேஜ் நடத்திக்கொண்டிருந்த வடிவு வேலையாட்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அடித்தளம் எழும்பி முடிவதற்குள் அவர் மேலே வடிவோடு குடிபோய்விட்டார். பிறகு கோர்ட், கையெழுத்து, எல்லாம் முடிந்தது.

இவ்வளவையும் நான் பீங்கான் கிண்ணம் துடைத்துக்கொண்டே சொன்னேன். சார் மப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் எழுதினா ஊர் என்ன சொல்லும் சார்? பதினொரு வருஷம் காத்திருந்து பழி வாங்கிட்டாள்னு சொல்லும்.”

“எழுதலைன்னா?”

“கீழ்க்காட்டுல போன மாசம் நாலு பிள்ளைங்க வயித்தாலப் போயி ஆஸ்பத்திரில கிடந்துச்சு.”

“தெரியுதுல்லக்கா. வேணும்னா நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன். உங்க பேர் வராது.”

வேண்டாம் என்றேன். மற்ற எட்டும் என் கையெழுத்தில் இருக்கும்போது ஒன்பதாவது மட்டும் வேறு கையெழுத்தில் இருந்தால் அதுதான் பேச்சாகும். எழுதினேன். கட்டட எண், நேரம், நிறம். அதில் பெயர் எழுத இடம் கிடையாது.

மார்ச் 27, வெள்ளி

ஐந்தாம் ஓடைக் காட்டேஜுக்கு நகராட்சி நோட்டீஸ் கொடுத்துவிட்டது. மூன்று மாதத்தில் கழிவுக்கு வழி செய்யாவிட்டால் பூட்டி சீல் வைப்பார்கள்.

பதினொரு மணிக்கு வடிவு ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள். நான் தனியாக இருந்தேன். நோட்டீஸை மேஜையில் போட்டாள்.

“இதுக்குத்தான் இத்தன வருசம் காத்திருந்தீகளா?”

ஜன்னல் ஓரத்தில் இருந்த குப்பிகளைக் காட்டினேன். ஏழு குப்பி, ஐந்தாவது மட்டும் கறுப்பு. கறுப்புக்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். இந்தத் தண்ணீர் ஏரியில் விழுந்து எங்கே போகிறது என்றும் சொன்னேன்.

அவள் அந்தக் குப்பியைத் தொடாமல் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

“தப்புன்னு தெரியும். தொட்டி ரொம்பிருச்சு. உறிஞ்சுற லாரி எங்க சந்துல ஏற மாட்டேங்குது. மூணு வருசத்துக்கு முந்தி ஐப்பசி மழையில வீட்டுக்குள்ளயே எதுக்களிச்சு வந்துருச்சு. அதே வாரந்தான் அவுக விழுந்தாக. ஒரு பக்கம் கை கால் வரல, பேச்சும் குழறிப்போச்சு. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடுறதா, தொட்டியப் பாக்குறதா? கம்பியெடுத்துத் தொட்டிச் செவுத்தை உடைச்சு ஓடைப் பக்கம் விட்டுட்டேன். அடைக்கணும் அடைக்கணும்னு இருந்தேன். அடைச்சா எங்கிட்டுப் போகும்?”

நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும் எழுந்தாள்.

“போகணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்கணும். இல்லன்னா முதுகு புண்ணாப் போயிரும்.”

நோட்டீஸை மறந்துவிட்டுப் போய்விட்டாள். மடித்து இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

மார்ச் 28, சனி

அவர் விழுந்தது எனக்குத் தெரியும். மூன்று வருஷமாகத் தெரியும். சபையில் யாரோ சொன்னார்கள். இதில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 10, வெள்ளி

மீன் செத்து மிதக்கிறது. ஐந்தாம் ஓடை ஏரியில் சேரும் முனை முழுக்க வெள்ளை வயிறு. ஒரு வாரமாக வெயில், பாசி பச்சைக் கூழாகத் திரண்டிருந்தது. அது அழுகும்போது தண்ணீரில் இருக்கிற காற்றையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று சார் விளக்கினார். அழகர் கேட்டுக்கொண்டே கூடையில் அள்ளிப் போட்டார். எட்டுக் கூடை. சில மீன்கள் இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடின. அவற்றைத் தனியாக வாளியில் போட்டு, படகில் எடுத்துப்போய் இரண்டாம் ஓடை முனையில் விட்டார். “பொழைக்குமா தெரியல” என்றார்.

சேலையில் வாடை போகவில்லை. மூன்றுமுறை துவைத்தேன்.

ஏப்ரல் 22, புதன்

காட்டேஜ் கழிவுக்கு வழி இருக்கிறது என்று சார் படம் போட்டுக் காட்டினார். முதலில் சாலையிலிருந்து நீளக் குழாய் விட்டுத் தொட்டியை உறிஞ்சிச் சுத்தம் செய்ய வேண்டும். உடைத்த சுவரை அடைக்க வேண்டும். அதற்குப் பிறகு தொட்டியில் தெளிந்து வருகிற தண்ணீரை ஜல்லி நிரப்பிய படுகைக்குள் மெதுவாக ஓடவிட வேண்டும். படுகையில் கல்வாழையும் சம்பங்கோரையும் நட்டால், வேரும் ஜல்லியும் சேர்ந்து அழுக்கைத் தின்றுவிடும். ஆனால் படுகை தொட்டிக்குக் கீழே, ஓடைக்கு மேலே இருக்க வேண்டும். மோட்டார் இல்லாமல் தானாக இறங்க வேண்டும்.

“இடம் ஒண்ணே ஒண்ணுதான்கா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவினார். நில வரைபடத்தில் அந்தக் கட்டத்தை எனக்குத் தெரியாதா?

“அங்க அடித்தளம் போட்ட குழி அப்படியே இருக்கு. நல்ல கருங்கல் கட்டு. நான் போய்ப் பார்த்தேன். புதுசா ஒரு சுவர்கூடக் கட்ட வேண்டாம். நீங்க முடியாதுன்னு சொன்னா நான் வேற ஏதாவது பாக்கறேன். உண்மையாவே பாக்கறேன்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 23, வியாழன்

லீவு போட்டுவிட்டு நிலத்துக்குப் போனேன். வருஷா வருஷம் வரி கட்டுகிறேன், ஒருதரம்கூட வந்து பார்த்ததில்லை. விற்கக் கேட்டு வடிவு இரண்டுமுறை ஆள் அனுப்பினாள். தர மாட்டேன் என்றேன். வீடு கட்டப் போகிறேன் என்று சொல்லியனுப்பினேன். தனி ஆளுக்கு எதற்கு அத்தனை பெரிய வீடு என்று எனக்கே தெரியாது.

குழி முழுக்க உண்ணிச்செடி. கல்சுவர் மேல் நடந்து சுற்றிவந்தேன். இது கூடம். இது படுக்கையறை. சமையலறை ஜன்னல் ஓடைப் பக்கம் வேண்டும் என்று அவர்தான் சொன்னார், பாத்திரம் துலக்கும்போது எனக்கு வேடிக்கையாக இருக்குமாம். அந்த மூலையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மேலே கொடியில் விரிப்பு காயப்போட்டுக்கொண்டிருந்த வடிவு பார்த்துவிட்டாள். உள்ளே போனாள். கால்மணி நேரத்தில் கையில் டம்ளரோடு இறங்கிவந்தாள். சுவருக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

“டீ. வேணாம்னா கொட்டிருங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

குடித்தேன். சர்க்கரை அதிகம்.

“இந்த எடந்தான் வேணும்னு ஆபீசர் தம்பி சொல்லுச்சு. நான் உங்ககிட்டக் கேக்க மாட்டேன்” என்றாள். “கேக்குற தகுதி எனக்கு இல்ல.”

“உனக்காகக் கேக்க வேண்டாம். ஏரிக்காகன்னா கேக்கலாம்.”

அவள் கேட்கவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு மேலே போனாள். போகும்போது ஒருமுறை வழுக்கி, செடியைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்க என் கையும் எழுந்துவிட்டது.

மே 4, திங்கள்

கையெழுத்துப் போட்டுவிட்டேன். நிலம் என் பெயரிலேயே இருக்கும், படுகை இருக்கும்வரை வேறு எதுவும் கட்டக் கூடாது. சார் மூன்றுமுறை வாசித்துக் காட்டினார். “புரிஞ்சுதாக்கா?” என்று மூன்றுமுறை கேட்டார்.

கடைக்குப் போய் உளுந்து வாங்கினேன். இட்லிக்கு ஊறப்போட்டிருக்கிறேன்.

மே 19, செவ்வாய்

சீசன் உச்சம். ஊரில் நிற்க இடமில்லை. வடிவு ஆறு அறையையும் பூட்டிவிட்டாள். வருஷம் முழுக்கச் சாப்பிடுவதே இந்த ஒரு மாதத்தை வைத்துத்தான். சுவரை அடைத்துப் படுகை முடியும்வரை யாரையும் தங்கவைப்பதில்லை என்று அவளாகவே முடிவு செய்திருக்கிறாள். நோட்டீஸுக்கு ஜூன் கடைசிவரை நேரம் இருக்கிறது, இப்போதே ஏன் என்று கேட்டேன்.

“அந்தக் குப்பி கண்ணுக்குள்ளயே நிக்குது” என்றாள்.

குழியைச் சுத்தம் செய்து, களிமண் குழைத்துப் பூசி, மேலே கெட்டியான கறுப்பு ஷீட் விரித்தாகிவிட்டது. அறைகளுக்கு நடுவே இருந்த குறுக்குச் சுவர்களை அப்படியே வைத்து, ஒரு மூலையில் மட்டும் துளை போட்டிருக்கிறார்கள். தண்ணீர் கூடத்தில் நுழைந்து, படுக்கையறையைச் சுற்றி, சமையலறை வழியாக வெளியேற வேண்டும். கொத்தனார்கள் முதலாம் தொட்டி, இரண்டாம் தொட்டி என்கிறார்கள். நான் மட்டும் மாறி மாறிச் சொல்லிவிடுகிறேன்.

ஜல்லி லாரியும் சந்துக்குள் வராது. சாலையிலிருந்து கூடையில்தான் சுமக்க வேண்டும். வடிவு வரிசையில் நின்று கூடை வாங்கினாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கையைக் கழுவிக்கொண்டு மேலே ஓடுவாள், பத்து நிமிஷத்தில் திரும்பி வருவாள். மத்தியானத்துக்குப் பிறகு அவள் மேலே போகிற நேரங்களில் அவளுடைய இடத்தில் நான் நின்றுகொண்டேன். இல்லாவிட்டால் வரிசை அறுந்துபோகிறது.

ஜூன் 11, வியாழன்

நடவு. கல்வாழைக் கிழங்கு ஏரிக்கரைப் பூங்காவிலிருந்து கிடைத்தது. சம்பங்கோரையை அழகர் ஏரியிலிருந்தே பிடுங்கிக் கொண்டுவந்தார். வடிவும் நானும் சமையலறைப் பகுதியில் நட்டோம்.

“முதுகுல புண்ணு வந்துருச்சா?” என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“இடுப்புக்கிட்ட ஒண்ணு. ஆறவே மாட்டேங்குது.”

“தண்ணி மெத்தை போட்டியா?”

“அதெல்லாம் எங்கிட்டுக் கிடைக்கும்?”

அதற்குப் பிறகு கிழங்கைப் பற்றித்தான் பேசினோம்.

ஜூன் 14, ஞாயிறு

ஆராதனை முடிந்து பாஸ்டரம்மாவிடம் கேட்டேன். சபை ஸ்டோர் ரூமில் ஒரு தண்ணி மெத்தை சும்மாதான் கிடந்தது. யாருக்கு என்று கேட்டார்கள். தெரிந்தவர்களுக்கு என்றேன். காட்டேஜ் வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

ஜூன் 30, செவ்வாய்

படுகைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டாயிற்று. ஜோதிலிங்கத்தின் பங்கில் இருந்த ஐந்தாம் ஓடையை இனி நானே பார்க்கிறேன் என்று சாரிடம் சொன்னேன். நகராட்சியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, இரண்டு மாதம் தவணை கொடுத்திருக்கிறார்கள். குப்பி சரியாக வந்தால் நோட்டீஸை ரத்து செய்வார்கள்.

ஜூலை 9, வியாழன்

படுகையிலிருந்து வெளியேறும் தண்ணீர்க் குப்பி: கறுப்பு.

ஜூலை 16, வியாழன்

கறுப்பு. கல்வாழை இலை ஓரமெல்லாம் மஞ்சள். வடிவு விடியற்காலையிலேயே போன் செய்தாள். “செடி சாகுது. நான் எதுவும் பண்ணிட்டனா? பிளீச்சிங் பவுடர் கொஞ்சமாத்தான் போடுறேன், விரிப்புல வாடை போகணும்ல.”

சாரிடம் கேட்டேன். அதுதான் காரணம் என்றார். பிளீச்சிங் பவுடர் ஜல்லியில் வளர்கிற நல்ல கிருமிகளையும் கொன்றுவிடுமாம். விரிப்புகளை முதலில் வெந்நீரில் ஊறப்போட்டு, சாதாரண சோப்பில் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போடச் சொன்னார். போனில் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று நானே போனேன். பெரிய அண்டாவில் தண்ணீர் காயவைத்து இரண்டு பேருமாக நாலு விரிப்பு துவைத்தோம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்து முறுக்கிப் பிழிந்தோம். ஓரத்தில் நீல நூலில் தையல். அவளே தைத்தது.

ஜூலை 30, வியாழன்

இந்த வாரக் குப்பி இரண்டு நாள் தெளிவாகத் தாங்கியது. பிறகு மங்கல். கறுப்பு இல்லை. பழுப்பு.

ஆகஸ்ட் 21, வெள்ளி

செவ்வாயன்று பிடித்த குப்பி, மூன்று நாளாகிவிட்டது, தெளிவாகவே இருக்கிறது. வேறு யாராவது மாற்றி வைத்துவிட்டார்களா என்று எண்ணைச் சரிபார்த்தேன். ஐந்துதான்.

குப்பியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு மேலே போனேன். வடிவு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு மூடியைத் திறக்கப் பார்த்தாள். மருந்து இருக்கிறது, திறக்காதே என்றேன். முந்தானையில் குப்பியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“அவுககிட்டக் காட்டட்டுமா?” என்று கேட்டாள்.

“காட்டு.”

நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே அவள் ஏதோ சொல்வது கேட்டது. அவர் பதில் சொன்னது சரியாகக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 31, திங்கள்

நோட்டீஸ் ரத்து. ஓடைக்கரையில் இருக்கும் வேறு மூன்று வீட்டுக்காரர்கள் தங்கள் தொட்டியையும் படுகையோடு சேர்க்க முடியுமா என்று கேட்டு வந்தார்கள். இடம் போதாது, மேலே இன்னொன்று போடலாம் என்கிறார் சார். கீழ்க்காட்டில் இப்போதும் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறார்கள். மற்ற ஓடைகள் பாக்கி இருக்கின்றன. ஆறாம் ஓடையில் கேரட் கழுவுகிற இடத்தில் அடுத்த வேலை.

தட்டு ஐம்பத்திரண்டு.

செப்டம்பர் 15, செவ்வாய்

மாதிரி எடுக்கப் போனேன். பன்னிரண்டரை மணி. வடிவு பின்வாசல் படியில், வாளிக்குப் பக்கத்தில், முழங்காலில் நெற்றியை வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் வந்தது தெரியவில்லை.

“காய்ச்சலா?”

“இல்ல. கண்ணு இழுக்குது. ரெண்டு நாளா அவுகளுக்கு இருமல்.”

“கடைசியா எப்ப ஒழுங்காத் தூங்குன?”

யோசித்தாள். “அவுக விழுகுறதுக்கு முந்தி” என்றாள்.

“போய்ப் படு. நான் இருக்கேன்.”

“நீங்களா?”

“எத்தனை மணிக்குப் புரட்டணும், எந்தப் பக்கம்னு சொல்லு.”

“ரெண்டு மணிக்கு. எடது பக்கமாச் சாச்சு, முதுகுக்கு ரெண்டு தலையணை கொடுக்கணும்.” எழுந்து நின்றும் அவள் போகவில்லை. என் முகத்தையே பார்த்தாள். நான் வாளியை நகர்த்தி ஓரமாக வைத்தேன். அவள் மூன்றாம் நம்பர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரையை விலக்கி உள்ளே போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். தாடி நன்றாக மழித்திருந்தது. மூக்கு மட்டும் அப்படியே இருக்கிறது, மற்றதெல்லாம் யாரோ. கட்டில் ஜன்னல் ஓரம் போட்டிருந்தது. கீழே கல்வாழை பூத்திருப்பது தெரிந்தது, சிவப்பும் மஞ்சளுமாக. நாற்காலியில் உட்கார்ந்து, அங்கே கிடந்த காய்ந்த விரிப்புகளை மடித்தேன்.

இரண்டு மணிக்குச் சற்று முன் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார்.

“யாரு” என்றார். சொல் வழுக்கிக்கொண்டு வந்தது.

“ஓடைத் தண்ணி பாக்குறவ.”

ஜன்னல் பக்கம் கண்ணைத் திருப்பினார். திரும்ப என்னைப் பார்த்தார். “தண்ணி... நல்லாருக்கா?”

“முன்னைக்கு இப்பத் தேவலை” என்றேன். “இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.”

தலையை அசைத்தார். செயலில்லாத பக்கத்துக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அந்தக் கண் எப்போதுமே வழியும் என்று வடிவு முன்பே சொல்லியிருக்கிறாள். துணியால் துடைத்துவிட்டேன். பிறகு தோளுக்கடியில் ஒரு கையும் இடுப்புக்கடியில் ஒரு கையும் கொடுத்து இடது பக்கமாகச் சாய்த்தேன். நான் நினைத்திருந்ததைவிட லேசாக இருந்தார். இரண்டு தலையணை வைத்தேன். புண் ஆறிவருகிறது, ஓரமெல்லாம் புதுத் தோல்.

மூன்று மணிக்குக் கஞ்சி கொடுத்தேன். நாலு மணிக்கு வலது பக்கம். வெளியே மூடுபனி இறங்கியதால் கொடியில் இருந்ததை எடுத்துவைத்தேன். பையில் இருந்த மாதிரித் தண்ணீர் நேரம் கடந்து வீணாகிவிட்டது. நாளை வேறு எடுக்க வேண்டும். மூன்றாம் நம்பர் கதவைத் திறந்து பார்த்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்திருந்தாள். கழற்றிவிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்தினேன்.

ஐந்தேமுக்காலுக்குப் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். கன்னத்தில் தலையணைத் தடம்.

“அய்யய்யோ, எழுப்பிருக்கலாம்லக்கா.”

“எழுப்பத் தோணல.”

அவள் உள்ளே போய் அவர் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். டீ போடட்டுமா என்றாள். சர்க்கரையைக் குறைத்துப் போடு என்றேன். குடித்துவிட்டுக் கிளம்பும்போது, வியாழக்கிழமை வருகிறேன், மத்தியானம் சாப்பிட்டதும் படுத்துவிடு என்று சொன்னேன்.

வியாழக்கிழமை எனக்கு அந்த ஓடையில் வேலை இல்லை. அவளுக்கும் அது தெரியும்.